குவார்ட்டர்ஸ் காலமும் ஐ.டி. பார்க் காலமும்

ஐ.டி. கம்பெனி வந்தால் சுற்றுவட்டாரத்தில் மனை விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏன் ஏற வேண்டும்? திருச்சியின் கதையைப் பார்த்தால் ஒரு காரணம் புரியும்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. அங்கே இடம் குறைவு, விலை ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. ஊருக்குக் கிழக்கே திருவெறும்பூர் பக்கம் அப்படி நெருக்கடி இல்லை. அங்கேதான் 1965-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு பெல் கொதிகலன் ஆலை வந்தது. கூடவே கைலாசபுரம் டவுன்ஷிப்பும் வந்தது. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நிறுவனமே கட்டியது. வேலைக்குச் சேர்ந்தவர் உடனே மனை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்றுதான் பலர் காட்டூர் பக்கம் மனை வாங்கிப் போட்டார்கள்.

2000-ல் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது இந்த முறை மாறிவிட்டது. அரசு அலுவலகக் கட்டிடத்தைக் கட்டியது, வீட்டை ஊழியரே தேடிக்கொண்டார். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் முளைத்தன. 2010-ல் பெல்லுக்குப் பக்கத்திலேயே நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பார்க் திறந்தார்கள். இங்கேயும் அதே முறைதான்.

ஐ.டி. ஊழியராவது வங்கிக் கடன் வாங்கிச் சமாளிப்பார். அதே தெருவில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநரும் அந்த விலைக்குத்தான் மனை வாங்க வேண்டும். வேலை கொடுப்பவர் வீட்டுக்கும் பொறுப்பேற்ற காலம் ஒன்று நம் ஊரிலேயே இருந்தது. அதை நாம் மறந்துவிடக் கூடாது.