இரத்தத் தூய்மை: ஐபீரியாவிலிருந்து மட்டாஞ்சேரி வரை

சாதி இந்து சமயத்துக்கு மட்டுமே உரியது என்னும் நம்பிக்கையின் மீதே 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை நிற்கிறது. பின்னர் சீக்கியரும் (1956) பௌத்தரும் (1990) அதில் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். இந்நம்பிக்கையை உரசிப் பார்க்க, நாம் அதிகம் பேசாத கொச்சி யூதர் வரலாறு உதவும்.

அதன் ஒரு வேர் ஐரோப்பாவில் உள்ளது. 1449இல் ஸ்பெயினின் தொலேதோ நகரம், கிறித்தவத்துக்கு மாறிய யூதரின் வழித்தோன்றல்கள் பொதுப்பதவி வகிக்கக் கூடாதென விதித்தது. ஞானஸ்நானம் போதவில்லை, இரத்தமும் தூய்மையாக இருக்க வேண்டுமாம். மதம் மாறினாலும் பிறப்பு விடாது என்னும் இத்தர்க்கத்தை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1492இல் ஸ்பெயின் யூதரை வெளியேற்றியது. 1497இல் போர்ச்சுகல் கட்டாய ஞானஸ்நானம் செய்வித்தது. 1560இல் கோவாவிலும் சமய விசாரணை மன்றம் அமைந்தது. யூத வழியில் பிறந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா அங்கே 1568இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய சகோதரி உயிருடன் எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன.

ஐபீரியாவிலிருந்து தப்பி வந்தோருக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் வழங்கினார். 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. 1662இல் போர்ச்சுகீசியர் அதையும் தாக்கினர்.

ஆனால் பல நூற்றாண்டுகளாக அங்கு வாழ்ந்த மலபார் யூதரைப் பரதேசிகள் சமமாக ஏற்கவில்லை. அடிமை வழியினர் என்றனர். பெண் கொடுக்கவோ எடுக்கவோ மறுத்தனர். 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் ரபி தாவீது இப்னு சிம்ரா, சடங்கு நீராடலுக்குப் பின் மணவுறவு கூடும் என்றே தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டோடு நின்றது. பரதேசிகளின் சொந்த வீட்டு அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோரின் சந்ததியினர் 'மெஷுக்ராரிம்' எனப்பட்டனர். அவர்கள் நிலை இன்னும் கீழானது. ஆலயத்தின் முன்னறையில் தரையில் அமர வேண்டும், தோரா வாசிக்கும் உரிமை இல்லை, இடுகாட்டிலும் இடமில்லை. ஐபீரிய இரத்தக் கணக்கைவிட, மலையாள நாட்டில் மேல்நிலை பெற ஏறியாக வேண்டிய சாதி ஏணியே இதற்கு முதற்காரணம் என்பது எங்கள் கருத்து.

அச்சந்ததியில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967, நம் சேலம் நகரத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை). சென்னையில் சட்டம் பயின்று எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்திலும் இருந்தார். காந்தியின் சத்தியாகிரக முறையை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுசென்றார். விலக்குகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எனினும் 1950இல் அவர் மகன் வெள்ளை யூதப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தைப் பம்பாயில் நடத்த வேண்டியிருந்தது.

1985இல், சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசையின் வழக்கில், மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறதென்பதற்கு உச்ச நீதிமன்றம் சான்று கேட்டது; போதிய சான்றில்லையென மனுவைத் தள்ளியது. மட்டாஞ்சேரியின் முன்னறை அவ்வழக்குக்கு நேரடிச் சான்றாகாது. மதம் மாறினால் சாதி தானே உதிரும் என்னும் ஊகத்தை மட்டும் அது உடைக்கிறது. நேரடிச் சான்று வேண்டுவோருக்குத் திருச்சி மேலப்புதூரில் கிறித்தவக் கல்லறைகளைச் சாதிவாரியாகப் பிரித்த சுவர் இருக்கிறது.