பிழை பொறுக்கும் இரும்பு மட்டைகள்

புதுச்சேரிப் பகுதியின் சுத்துக்கேணி, பெருங்கற்கால ஈமத்தலமாகத் தொல்லியலில் இடம்பெற்ற ஊர். அங்கு நடந்த அகழாய்வின் முடிவுகளை, அரிக்கமேடு, முத்தரையர்பாளையம் ஆகியவற்றின் முடிவுகளோடு சேர்த்து, தொல்லியலாளர்களான கசால் தம்பதியர் 1956இல் பிரெஞ்சு நூலாக வெளியிட்டனர். இத்தகைய ஈமத்தலங்களை விட்டுச்சென்ற தென்னிந்தியப் பெருங்கற்கால மக்கள் இரும்பைக் காய்ச்சி அடித்துக் கருவி செய்யத் தெரிந்தவர்கள். கோல்ஃப் ஆட்டத்தின் ‘அயர்ன்’ எனப்படும் இரும்பு மட்டைகளும் ஸ்காட்லாந்தில் அத்தகைய கொல்லர் பட்டறை வேலையாகவே தொடங்கின.

அந்த ஆட்டம் ஆங்கிலேயருடன் கல்கத்தாவுக்கு 1829இலும், பெங்களூருக்கு 1876இலும், கொழும்புக்கு 1879இலும், கோடைக்கானலுக்கு 1895இலும் கழகங்களாக வந்து சேர்ந்தது. ஆட்டத்தின் தொடக்கக் காலத்தில், தோலுக்குள் இறகு திணித்துத் தைத்த பந்து இரும்பின் அடியில் கிழிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் மரமட்டைகளே புழங்கின. மலாயாக் காட்டு மரங்களின் பாலை இறுகச் செய்து உருட்டிய கட்டாபெர்ச்சா பந்து 1848 வாக்கில் வந்தபின்தான் இரும்பு மட்டைகள் பெருகின.

அடித்துச் செய்த அந்த மட்டையின் தலை மெல்லிய தகடு போன்றது. எடை நடுவில் திரண்டிருந்ததால், பந்து நடுப்பகுதியில் பட்டால் கைக்கு இதமாகவும், ஓரத்தில் பட்டால் தலை திருகிப் பந்து திசைமாறிக் குறைதூரம் போவதாகவும் இருந்தது. இந்தக் குறையை ஆட்டக்காரரின் குறையாகவே நெடுங்காலம் கருதியது நியாயமன்று. நார்வேயில் 1911இல் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றிய கார்ஸ்டன் சோல்ஹைம், 1959இல் தாம் செய்த ‘பிங்’ பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும்) மட்டையிலும் பின்னர் இரும்பு மட்டைகளிலும் எடையை ஓரங்களுக்கு நகர்த்தினார். கம்பிமேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட கோலைக் குறுக்கே பிடிப்பதால் எளிதில் சாயாததைப் போல, எடை மையத்திலிருந்து விலகியிருக்கும் தலை எளிதில் திருகாது. இத்தன்மையை இயற்பியலார் நிலைமத் திருப்புத்திறன் என்பர்.

எடை ஓரங்களுக்குப் போனதால் முதுகில் குழி விழுந்த அந்த வடிவத்தைச் சம்மட்டியால் அடித்து எடுப்பது கடினம். அதற்குக் கைகொடுத்தது மெழுகு வார்ப்பு. உருவை மெழுகில் செய்து, மேலே காப்புப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, எஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் இம்முறை, சுவாமிமலைச் சிற்பியர் காவிரி வண்டலைக் கொண்டு இன்றும் செப்புத்திருமேனி வார்க்கும் முறையேயாகும். மண்ணுக்குப் பதில் பீங்கான் ஓடும், செம்புக் கலவைக்குப் பதில் துருவேறா எஃகும் வந்தன என்பதே வேறுபாடு. 1982இல் வந்த ‘பிங் ஐ2’ இத்தகைய மட்டைகளைப் பெரும்புகழ் பெறச் செய்தது.

மட்டை தேர்வு செய்வோர் இந்த வரலாற்றை வடிவத்திலேயே படிக்கலாம். அடிப்பகுதி அகன்றிருந்தால் மட்டை மண்ணில் குத்திப் புதைவது குறையும். எடை தாழ்ந்திருந்தால் பந்து எளிதில் எழும். ஆனால் இத்தகைய மட்டையில் பந்தை வேண்டுமென்றே வளைத்து அடிக்கும் நுட்பத்துக்கு இடம் சற்றுச் சுருங்கும் என்பதால், தேர்ந்தவர்களில் சிலர் இன்னும் பழைய தகட்டு மட்டையையே விரும்புகின்றனர். அடி ஒவ்வொரு முறையும் நடுவில் படாத ஆட்டக்காரர், அதாவது ஆடுவோரில் மிகப் பெரும்பாலோர், குழிமுதுகு மட்டையைத் தேர்வதே சரி.