கடாரத்து விகாரமும் கீழ்முந்திரிக் கணக்கும்

கெடாவைக் கடாரம் என்றதும் ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்புதான் நம் நினைவுக்கு வரும். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு இரு அரசுகளுக்கும் இடையே ஓடியது வாள் அல்ல, எழுத்தாணி.

கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுக்கத் தொடங்கிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். லெய்டன் பெரிய செப்பேடு எனப்படும் 21 ஏடுகள் அந்தக் கதையைச் சொல்கின்றன. நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். அந்தச் 'சற்று'க்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள்: மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே கீழ்முந்திரி! அந்த நிலத்தின் நெல் வரி 8,943 கலத்தில் தொடங்கி நாழியில் வந்து நிற்கிறது.

மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியையும் 320 கூறிட்டால் கீழ்முந்திரி. வேலியை இன்றைய 6.6 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் அது கால் சதுர மீட்டர்தான். பாய் விரிக்கக்கூட இடம் போதாது.

எவ்வளவு பொடியானாலும் இவையெல்லாம் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தவை, அதாவது விகிதமுறு எண்கள். சரி, மூன்றில் ஒரு பங்கு? 106 முந்திரி போக மிச்சம் நிற்கும். அதை உடைத்தால் 213 கீழ்முந்திரி, மறுபடி மிச்சம். அடுத்த படியில் 106, அதற்கடுத்து 213. முடியவே முடியாது, ஆனால் ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும். முடியாத எண்ணெல்லாம் விகிதமுறா எண் என்று பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். சுற்று இருந்தால் அது விகிதமுறு எண்ணே. சுற்றும் இல்லாத எண்ணைப் பார்க்கக் கடாரத்துக்கே திரும்புவோம்.

மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்னும் பழங்கோயிலின் கல் அடித்தளத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அடித்தளம் போடும்போது மூலைக்கு மூலை கயிறு பிடிப்பது கொத்தனார் வழக்கம். ஒரு முழச் சதுரத்தில் அந்தக் கயிற்றின் நீளம் √2 முழம். போதாயனரின் சுல்ப சூத்திரம் அதற்கு 577/408 என்று தருகிறது. 577-இன் வர்க்கம் 332,929. 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332,928. ஒன்றே ஒன்று இடிக்கிறது!

எந்தப் பின்னத்திலும் இடிக்கும். ஒரு வர்க்கத்தைப் பகாக் காரணிகளாக உடைத்தால் 2 இரட்டைப்படை முறையே வரும். இரட்டித்த வர்க்கத்தில் ஒற்றைப்படை முறை வரும். இரண்டும் எப்படிச் சமமாகும்? √2-க்கு முடிவும் இல்லை, சுற்றும் இல்லை. அதுதான் விகிதமுறா எண்.

பீடோங், சுங்கைப்பட்டாணிப் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இதே கதைதான். முக்கோண நடவில் மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டால், நிரைக்கு நிரை 4.5 × √3 மீட்டர்: 7.7942... என்று முடிவில்லாமல் நீளும். தோட்டத்தில் 7.8 என்று குச்சி அடித்துவிடுவார்கள். வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர்கூட இல்லை. கன்றுக்குத் தோண்டும் குழியே அதைவிடப் பல மடங்கு அகலம்.

(தொடரும்)