சுருக்குப்பையில் இருந்த புகையிலை

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போட்டு முடித்ததும் வெற்றிலை மடித்துக் கொடுப்பது தமிழ் வீடுகளில் நெடுநாள் வழக்கம். பூண்டும் மிளகும் போட்ட சோறு செரிக்கும், சுண்ணாம்பு உடம்புக்கு நல்லது என்பார்கள் பாட்டிமார்கள். மலாயாவின் செலாயாங், கெப்போங், ரவாங் பக்கத்து ரப்பர் தோட்ட லயங்களுக்கும் இந்த வழக்கம் கப்பலில் வந்தது. அந்த வெற்றிலையோடு புகையிலையும் வந்தது.

1907-இல் மலாயாவில் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்தது. அதன் நிதியில் பயணச் செலவு கிடைக்க, கங்காணிகள் ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் காத்திருந்து கப்பலேறிய குடும்பங்கள், 1938-இல் இந்திய அரசு இந்த முறையைத் தடை செய்யும்வரை வந்துகொண்டே இருந்தன. அந்தப் பெண்களின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கவும், இருட்டில் மரம் மரமாகப் பால்வெட்டவும், பசியையும் அலுப்பையும் தள்ளிப்போடவும் புகையிலை துணையிருந்தது. ஆண்கள் சுருட்டும் பீடியும் பிடித்தார்கள், பிறகு சிகரெட்டுக்கு மாறினார்கள். பெண் புகைபிடித்தால் லயமே பேசும். ஆனால் அவள் புகையிலை போட்டால் அது வெற்றிலை போடுவதாகவே கருதப்பட்டது, யாரும் அதைக் கெட்ட பழக்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

விலை பின்னால் தெரிந்தது. தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்று பற்றி 1970-களில் மருத்துவர் கே. ராமநாதன் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகளில், மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அந்நோய் மிகுந்திருந்தது தெளிவானது. வெற்றிலை மெல்லும் பழக்கமே முக்கியக் காரணமாகச் சுட்டப்பட்டது. இந்தப் புற்று வயதான காலத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படும். வயிற்றுப் பிள்ளைக்கான கெடுதலோ உடனே நேர்வது. மும்பையில் 1,217 பெண்களைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்திருந்தன. நெருப்பும் புகையும் இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் தாயின் இரத்தம் வழியே குழந்தையை எட்டிவிடும். தாய்ப்பாலிலும் அது கலக்கும்.

மசக்கையில் வாடையே குமட்டிப் புகையிலையை ஒதுக்கும் பெண்கள் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காக என்று வைராக்கியமாக நிறுத்துகிறவர்களும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகுதான் சிக்கல். வெற்றிலையைப் பரிவோடு மடித்து நீட்டுகிறவள் தாயாகவோ மாமியாராகவோ இருப்பாள். அந்தப் பரிவில் ஒரு துணுக்குப் புகையிலையும் சேர்ந்துவிட்டால், பத்து மாதம் விட்டிருந்தது மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதில் தாயை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய அந்த நாட்களில் கட்டுப்பாடு இருந்தது. என்ன சாப்பிடலாம், எப்போது தலைக்கு ஊற்றலாம், யார் குழந்தையைத் தொடலாம் என்றெல்லாம் பார்த்தார்கள். சட்டமும் பிரசவித்தவளைக் கவனித்தது: 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் பிரசவ விடுப்பு தந்தது. புகையிலை மட்டும் பத்தியத்திலும் வரவில்லை, சட்டத்திலும் வரவில்லை.

பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்துப் பேத்திகள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். இளம்பெண்கள் பலர் சுருக்குப்பையைக் கைவிட்டார்கள். ஆனாலும் புகையிலை வீட்டைவிட்டுப் போகவில்லை, ஆள் மாறிக்கொண்டது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய ஆண்களில் 40.5 விழுக்காட்டினரும் பெண்களில் 1.2 விழுக்காட்டினரும் புகைபிடித்தார்கள். பால் கொடுக்கும் தாய் இழுக்கும் புகையில் பெரும்பகுதி இன்னொருவருடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தானே புகைபிடித்து, கர்ப்பத்தில் விட்ட பெண்களின் நிலை எப்படி? பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஒரு கட்டுரை கவலைக்குரிய விடை தருகிறது. உதவி பெற்றுப் பிரசவம்வரை நிறுத்தியிருந்தவர்களில் 43 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் மறுபடி தொடங்கிவிட்டார்கள். தூக்கமில்லாத இரவுகள், மனச்சோர்வு, "பிள்ளைதான் பிறந்தாச்சே" என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. எல்லாவற்றிலும் வலியது வீட்டிலேயே கிடக்கும் கணவனின் சிகரெட் பாக்கெட்.

மலேசியச் சட்டம் வெளியே நன்றாகவே நடந்து வந்திருக்கிறது. 2004-இல் 'தாக் நாக்' (வேண்டாம்) என்ற புகை எதிர்ப்புப் பிரசாரம், 2009-இல் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படங்கள், 2019-இல் உணவகங்களில் தடை, 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த, புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852-ஆம் சட்டம் என்று படிப்படியாக இறுகியது. ஆனால் 2007-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் புகையிலையே கிடையாது என்ற திட்டம் அந்தச் சட்டத்திலிருந்து கழற்றப்பட்டது வருத்தத்துக்குரியது. வீட்டு வரவேற்பறைக்குள் எந்தச் சட்டமும் வருவதில்லை.

அங்கே வருகிறவர் சமூகத் தாதி. பிரசவித்த முதல் மாதத்தில் பலமுறை வீடு தேடி வந்து, தாயின் காயத்தையும் குழந்தையின் தொப்புளையும் பார்த்துப் போகும் சேவை இந்நாட்டின் பெருமைகளில் ஒன்று. குழந்தையைப் பார்த்தபின் "வீட்டில் யார் புகைபிடிக்கிறார்கள், யார் வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்கள்?" என்று அவர் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அங்கேயே இருப்பார்கள். 2023 ஜனவரி முதல் தாய்க்கு 98 நாள் விடுப்பும், திருமணமான தந்தைக்கு 7 நாள் விடுப்பும் உண்டு. அந்த ஏழு நாளில் கணவனும் வீட்டில் இருப்பான், அரசு சுகாதார கிளினிக்குகளில் இயங்கும் புகைநிறுத்தப் பிரிவுக்கு அவனையும் அழைத்துப் போக அதுவே நேரம்.