தள்ளாடும் நடையும் புழுங்கலரிசியும்

தள்ளாடி நடப்பவன் ஒருவனைக் கண்டவுடன், "ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான்" என்று சொல்லிச் சிரிப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். கோலசிலாங்கூர் தொடங்கி ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வரையிலும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலும் லயங்களில் வாழ்ந்தோர் இக்காட்சியை அறிவர். கால்களை அகற்றி வைத்துத் தூணையும் சுவரையும் பிடித்துக்கொண்டு செல்வான் ஒருவன். அவன் உதட்டில் ஒரு துளியும் பட்டிராது. ஆயினும் கள்ளுக்கடைப் பழி அவனுக்கே. பெண்ணொருத்தி தலை சுற்றி விழுந்தாலோ பழி பேயின்மேல் ஏறும். வேப்பிலையோடு பூசாரி வந்துவிடுவார்.

மனிதன் நிமிர்ந்து நிற்பது எளிய செயலன்று. உட்செவியிலுள்ள நீர்க்குழல்கள் தலையின் அசைவைச் சொல்கின்றன. கண்கள் சுற்றுப்புறத்தைச் சொல்கின்றன. காலின் நரம்புகள் தரையைச் சொல்கின்றன. இம்மூன்றையும் கூட்டி நடையை ஒழுங்குபடுத்துவது தலையின் பின்புறத்துள்ள சிறுமூளை. இவற்றுள் ஒன்று பழுதானாலும் நடை குலையும், அல்லது உலகமே சுழலும். கால் நரம்பு கெட்டவன் பகலில் கண்ணைத் துணைக்கொண்டு ஒருவாறு நடந்துவிடுவான்; முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவான். விடியுமுன் இருட்டில் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டிய பால்மரத் தொழிலாளிக்கு இதைவிடக் கொடிய நோய் வேறென்ன? பத்து மணி வெயிலில் நேராக நடக்கும் அவனையே, ஐந்து மணி இருட்டில் தடுமாறியதற்காகக் குடிகாரன் என்பர்.

இந்த நடைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது நமது சிலாங்கூரிலேயே என்பதை நம்மவருள் அறிந்தார் சிலரே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. முதலில் கால் மரக்கும், பின் பாதம் தொங்கும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், இருதயம் ஓயும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரே இதற்குப் பெரிதும் இரையாயினர். அதே வெயில், அதே மழை, அதே கொசு. எனினும் தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிதாக இருந்தது. இது தொற்றுநோயென்றும், நிலத்தின் நச்சாவியென்றும் வைத்தியர்கள் வாதாடினர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் வைத்தியசாலையை விட்டுச் சமையற்கட்டை நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சியாம் பச்சரிசி. மலாய்க்காரர் கிராமங்களில் அவ்வப்போது உரலில் குத்தி உண்டனர். தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907-ல் வெளியிட்ட நூலில், நோய்க்குக் காரணம் அரிசியே என்று அவர் வாதித்தார். பழகிய வெள்ளையரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறதென்பது அவர் எண்ணம். அது பிழை. ஆனால் குற்றவாளியின் வீட்டைச் சரியாகக் காட்டிவிட்டார். ஆளைத்தான் மாற்றிச் சொன்னார்.

அவர் கூற்றைச் சோதிக்க முற்பட்டவர் வில்லியம் பிளெட்சர். இடம், கோலாலம்பூர்ப் பைத்தியக்கார வைத்தியசாலை. 1905-ன் இறுதியில் அங்கிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படையினருக்குச் சியாம் பச்சரிசி, இரட்டைப்படையினருக்குப் புழுங்கலரிசி என்று பிரித்தார். இடத்தின் குற்றமோ என்னும் ஐயத்தைப் போக்க, இரு கூட்டத்தாரின் இருப்பிடங்களையும் நடுவில் மாற்றிப் பார்த்தார். ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் கால் பங்குக்கு மேற்பட்டவர் நோயுற்றனர்; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை.

வைத்திய வரலாற்றார் இதனைச் சிறந்த சோதனையென்று போற்றுகின்றனர். போற்றட்டும். ஆனால் தம் சம்மதத்தைச் சொல்லும் நிலையிலும் இல்லாத மனிதரை நிறுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணிய அந்தக் காலை வேளையை நினைத்தால் நெஞ்சு பொறுப்பதில்லை. ஒற்றை எண்ணில் நின்றது ஒன்றே அப்பதினெண்மர் செய்த குற்றம். அவர்கள் பெயர்களை எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

அடுத்துக் கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட வந்த ஜாவாக்காரர் ஏறத்தாழ 300 பேரிடம் இதே சோதனையை நடத்தினர். 1909-ல் வெளியான முடிவும் அதுவே. நோய் தோன்றியவுடன் அரிசியை மாற்றினர் என்பது இங்கே குறிப்பிடத்தக்க வேறுபாடு. மறு ஆண்டு மணிலாவில் கூடிய கிழக்காசிய வைத்தியர் மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியை முதன்மை உணவாக்குவதே பெரிபெரியோடு தொடர்புடையது என்று ஒப்புக்கொண்டது.

இதற்கு முன்பே ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர் இதன் நுனியைப் பிடித்திருந்தார். அவர் வளர்த்த கோழிகள் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமே தேறின. விசாரித்ததில், இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரன் "பட்டாளத்துச் சோறு கோழிக்கா?" என்று மறுத்துவிட்டதும் தெரிந்தன. அந்தக் கஞ்சத்தனம் உலகிற்குச் செய்த உபகாரம் பெரிது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரனுக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தவிட்டோடு போகும் அந்தச் சத்தை 1926-ல் ஜாவாவில் பிரித்தெடுத்தனர். 1936-ல் செயற்கையாகச் செய்து காட்டினார் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். இவர் பிறந்த ஊர் அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூர். இன்று அதனை வைட்டமின் பி1, தயமின் என்கிறோம். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலிலுள்ள சத்தில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது; பின் ஆலையில் தீட்டினாலும் முற்றும் போவதில்லை. இதனை நம் பாட்டிமார் அறிந்தா செய்தார்கள் என்று பெருமை பேசப் புறப்படுவாரும் உளர். அறிந்து செய்யவில்லை. அவித்த நெல் உடையாது, பூச்சி அரிக்காது, கூலிக்காரன் வயிற்றில் நெடுநேரம் நிற்கும், அதனால் செய்தார்கள். கங்காணியும் தோட்டத்து நிர்வாகமும் புழுங்கலரிசி அளந்ததும் நம்மீது கொண்ட கருணையால் அன்று. தமிழன் வேறு சோறு கேட்கவில்லை, அவ்வளவே.

புழுங்கலரிசி காத்தது பெரிபெரியிலிருந்து மட்டுமே. கடலோரத் தோட்டங்களில் மலேரியா நம்மவரைக் குவியல் குவியலாகத் தின்றது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன், கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் தோண்டிக் கொசுவை ஒழிக்கும் முறையை நிலைநாட்டினார். அவ்வேலை முடியுமட்டும் கொயினாவே மருந்து. கொயினா மிகுந்தால் காதில் இரைச்சல், செவி மந்தம், தலைச்சுற்றல். காய்ச்சலில் பாதி மயங்கியவனை மருந்து மீதிச் சுற்றுச் சுற்றும். நிறுத்தினால் பெரும்பாலும் தெளியும்; ஆனால் நிறுத்தினால் காய்ச்சல் வரும்!

பின்பு யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி நின்றது. லயங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். இத்தனை தலைமுறை நம்மவரைக் காத்த அவித்த நெல் கைவிட்டுப் போனது. அதே ஆண்டு சிங்கப்பூரில் கைதியாயிருந்த டி வார்டனர் என்னும் இளம் ஆங்கில வைத்தியர், வெள்ளையரிசியால் காலம் தள்ளிய சக கைதிகளிடம் ஒரு விந்தையைக் கண்டார்: குமட்டல், கண்மணிகளின் ஓயாத துடிப்பு, நிற்க இயலாத தள்ளாட்டம், மனக்கலக்கம். இது 1881-ல் வெர்னிக்கே என்னும் ஜெர்மானியர் வர்ணித்த மூளைநோய். குடிகாரரின் நோயென்று பெயர்பெற்றிருந்தது. இவர்களோ மாதக்கணக்கில் மதுவையே காணாத கைதிகள். பி1 ஊசி பெற்றவருள் பலர் விரைவில் தெளிந்தனர். காவலருக்கு மறைத்துக் காத்த குறிப்புகளைக் கொண்டு, 52 பேரின் வரலாற்றை 1947-ல் அவரும் லெனக்ஸ் என்பவரும் வெளியிட்டனர்.

குடிக்காதவனுக்கும் குடிகாரன் நோய் வரும் என்பது இதனால் தெளிவாயிற்று. குடிப்பவன் செய்தியும் எண்ணத்தக்கதே. சம்சு வயிற்றை நிரப்பிச் சோற்றைத் தள்ளிவிடும். உண்ட சிறிதளவு சத்தும் குடலில் ஏறாதபடி தடுக்கும். பல ஆண்டு குடித்தவன், குடியாத நாளிலும் கால் அகற்றி நடந்து, பேச்சுக் குழறிக் கண் துடித்தால், அது போதையன்று. சிறுமூளையும் நரம்பும் கெட்டதன் அடையாளம். அவனைத் திண்ணையில் உருட்டிவிட்டுப் "போதை தெளியட்டும்" என்று காத்திருக்கும் இரவே, ஓர் ஊசியால் அவனை மீட்கக்கூடிய இரவாக இருக்கலாம்.

எல்லாத் தள்ளாட்டமும் சோற்றால் வருவதன்று. தந்தை வழியோ தாய் வழியோ இறங்கிச் சிறுமூளையை மெல்ல அரிக்கும் நோய்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை. படுக்கையில் புரண்டதும் கூரை சுழலும் தலைச்சுற்றலோ பெரும்பாலும் உட்செவியில் இடம் பெயர்ந்த நுண்துகள்களின் வேலை. தலையை முறைப்படி திருப்பிச் சில நிமிடத்தில் வைத்தியர் அதைச் சரிசெய்வதுண்டு. முன்னது ஆயுட்காலத் துணை, பின்னது வந்துபோகும் விருந்தாளி. இரண்டையும் "பித்தம்" என்று ஒரே மூட்டையில் கட்டி எலுமிச்சம்பழத்தோடு முடித்துக்கொள்கிறோம்.

தீராத தள்ளாட்டத்தோடு வாழ்பவர் கேட்பவை பெரியவையல்ல. கைத்தடி, குளியலறைச் சுவரில் ஒரு பிடி, திரும்பும்போது அவசரப்படுத்தாத வீட்டார், தண்ணீரில்லாத தரை. முகம் கழுவும்போது ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்ள அவர்களே கற்றுவிடுகின்றனர். இரவில் மட்டும், பின்கட்டுக்குப் போகும் வழியில் விளக்கை அணைக்காமல் விடும்படி கேட்பார்கள்.