சுவிட்சர்லாந்தில் யூத அகதிகள் (1938–1945)

இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த சுவிட்சர்லாந்து, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களில் ஏறத்தாழ 21,000 பேருக்கு அடைக்கலம் தந்தது. அதே எல்லையிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட அகதிகளைத் திருப்பியும் அனுப்பியது. அவர்களுள் பலர் யூதர்கள்.

கடவுச்சீட்டு முத்திரை: 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டதும் யூதர்கள் எல்லைக்குத் திரண்டனர். ஆகஸ்டில் விசா இல்லாதோருக்கு சுவிஸ் எல்லை மூடப்பட்டது. பெர்லினுடன் நடந்த பேச்சுவார்த்தையை அடுத்து, அக்டோபர் முதல் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு மையில் ‘ஜே’ என்ற எழுத்து குத்தப்பட்டது. வந்தவர் யூதர் என்று எல்லைக் காவலர் அறிய அந்த ஓர் எழுத்தே போதுமானதாக இருந்தது.

சாங்க்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவர் பவுல் குருனிங்கர் எல்லையை மூடியதற்கு உடன்படவில்லை. எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்தவர்கள் என்று தேதியை மாற்றி எழுதி, நூற்றுக்கணக்கானோரை உள்ளே விட்டார். 1939இல் வேலை பறிபோனது; பின்னர் நீதிமன்றமும் தண்டித்தது.

1942 ஆணை: பிரான்சிலிருந்து யூதர்களை ரயிலேற்றிக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கோடையில், இனத்தின் பெயரால் மட்டும் துரத்தப்பட்டோர் அரசியல் அகதிகள் அல்லர் என்று சுவிஸ் அதிகாரிகள் ஆணையிட்டனர். அமைச்சர் எடுவார்ட் ஃபோன் ஷ்டைகர் நாட்டை நிரம்பி வழியும் உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டார். அகதிகளுக்கு உதவிவந்த கெர்ட்ரூட் கூர்ட்ஸ் போன்றோர் அவரிடம் நேரில் சென்று மன்றாடியதால் கெடுபிடி சிறிது தளர்ந்தது. ஆண்டு முடிவதற்குள் மீண்டும் இறுகியது. உள்ளே வந்தோரில் பலர் உழைப்பு முகாம்களில் வைக்கப்பட்டனர். இருபதாயிரத்துக்கும் குறைவானோரே இருந்த சுவிஸ் யூதச் சமூகம் அவர்களுடைய பராமரிப்புச் செலவில் பெரும்பங்கைச் சுமந்தது. உயிருக்கு ஆபத்துள்ள எவரையும் ஏற்கலாம் என்ற உத்தரவு 1944 ஜூலையில்தான் வந்தது.

பிற்கால மதிப்பீடு: முத்திரை விவகாரத்துக்காக 1995இல் குடியரசுத் தலைவர் காஸ்பர் வில்லிகர் மன்னிப்புக் கோரினார். யூதர்களுக்கு என்ன நேர்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தும் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினர் என்று, வரலாற்றாசிரியர் ழான் பிரான்சுவா பெர்ழியே தலைமையிலான ஆணையம் கண்டறிந்தது. அந்நாட்டின் நடுநிலையில் விழுந்த அழியாக் கறை இது. குருனிங்கர்மீதான தீர்ப்பு 1995இல்தான் ரத்தானது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே அவர் வறுமையில் இறந்துவிட்டார்.