கம்மியர் மோட்டார் வாகனம் (தொழிற்பிரிவு)

கம்மியர் மோட்டார் வாகனம் என்பது தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) கற்பிக்கப்படும் வாகனப் பழுதுநீக்கல் தொழிற்பிரிவு ஆகும். பேச்சு வழக்கில் இது மோட்டார் மெக்கானிக் படிப்பு எனப்படுகிறது. கம்மியர் என்பது கைவினைஞரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லாகும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றோர் இதில் சேரலாம். பயிற்சிக்காலம் இரண்டு ஆண்டுகள் ஆகும். இறுதித் தேர்வில் வெற்றி பெறுவோர் தேசிய தொழிற்சான்றிதழ் பெறுவர்.

வரலாறு

இந்திய அரசு 1950 ஆம் ஆண்டு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்திட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, மூத்த மெக்கானிக்கின் கையைப் பார்த்தே தொழில் பழகும் முறையும் இன்றுவரை தொடர்கிறது. பட்டறையில் கற்றவருக்குக் கைப்பழக்கம் மிகுதி. ஆனால் காரணம் விளங்காமல் போகலாம். வகுப்பில் மட்டும் கற்றவருக்குக் காரணம் தெரியும், கை பழகியிராது. இவ்விரண்டையும் இணைப்பதே இத்தொழிற்பிரிவின் நோக்கமாகும்.

செயல்முறைப் பயிற்சி

பயிற்சி அளத்தலிலும் அரம் பிடித்தலிலும் தொடங்குகிறது. வெர்னியர் அளவி, மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் ஆகியவற்றை மாணவர் கையாளக் கற்கின்றனர். பின்னர் எஞ்சினைப் பிரித்து, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, தூய்மை செய்து, தேய்மானத்தை அளக்கின்றனர்.

சிலிண்டரின் உட்சுவர் எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. பிஸ்டன் வளையங்கள் சென்று திரும்பும் மேற்பகுதியில் தேய்மானம் மிகுதியாக இருக்கும். எனவே மேலும் கீழும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் விட்டம் அளக்கப்படுகிறது.

சிலிண்டர் தலையின் போல்ட்டுகள் பொதுவாக நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல கட்டங்களில், டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்கப்படுகின்றன. வரிசை தவறினால் தலை வளைந்து, கேஸ்கெட் வழியே குளிர்விப்பு நீர் எண்ணெயுடன் கலக்கக்கூடும். அப்போது எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்துக் காணப்படும்.

பயிற்சிக்கூடத்து எஞ்சின் பலமுறை பிரித்துப் பூட்டப்பட்டது. அதன் போல்ட்டுகள் எளிதில் கழலும். சாலையில் ஓடிய வண்டியிலோ போல்ட்டு துருவேறியிருக்கும், தலை மழுங்கியிருக்கும். எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, சிறிது முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றும் பொறுமை இத்தகைய வண்டிகளில்தான் கைவருகிறது.

பழுது கண்டறிதல்

பாகத்தை மாற்றத் தெரிவதும், எந்தப் பாகம் பழுது என்று அறிவதும் வேறு வேறு திறன்களாகும். எடுத்துக்காட்டாக, சோதனைக் கருவியில் பி 0301 என்னும் குறியீடு தோன்றினால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அக்குறியீடு கூறுவதில்லை. தீப்பொறிச் செருகி, இக்னிஷன் காயில், எரிபொருள் இஞ்செக்டர், அழுத்தக் குறைவு ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம்.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சினில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பார்க்கலாம். குறியீடு பி 0302 என மாறினால் பழுது காயிலில் உள்ளது. மாறாவிட்டால் பிற காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இவ்வாறு சோதிக்காமல் பாகங்களை வரிசையாக மாற்றினால், தேவையற்ற செலவு வாகன உரிமையாளரின் தலையில் விழும். ஆட்டோ ஓட்டுநர் போன்றோருக்கு அன்றைய வருமானமும் இழப்பாகும்.

பாதுகாப்பு

* ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தாங்கிகளை வைத்த பின்னரே அடியில் செல்ல வேண்டும்.
* மின்கலத்தின் எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்ட வேண்டும். உடற்பகுதி எதிர்முனையுடன் இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் மின்சுற்று குறுகித் தீப்பொறி எழும்.
* சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது.
* பிரேக் வேலைக்குப் பின் குழாய்களில் காற்று தங்கினால், மிதி மெத்தென்று உள்ளே இறங்கும். பிரேக் முழுமையாகப் பிடிக்காது. காற்றை நீக்கிச் சோதிக்காமல் வண்டியை ஒப்படைத்தால் உயிருக்கே கேடு விளையலாம்.

தொழிற்பழகுநர் பயிற்சி

தொழிற்பழகுநர் சட்டம் 1961 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தேர்ச்சி பெற்றோர் இதன்படி தொழிற்சாலைகளிலும் போக்குவரத்துப் பணிமனைகளிலும் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பயிற்சிக்கூடத்தில் காணாத பழுதுகளை மாணவர் பலரும் முதன்முதலில் எதிர்கொள்வது இக்காலத்திலேயாகும்.

தொழில்நுட்ப மாற்றங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இதனால் புதிய இருசக்கர வாகனங்களிலும் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. மின்சார வாகனங்களுக்கெனத் தனித் தொழிற்பிரிவும் உருவாக்கப்பட்டுள்ளது. 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைத் தொழில் 4.0 தரத்திற்கு உயர்த்த, தமிழ்நாடு அரசு 2022 ஆம் ஆண்டு டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. எனினும் பழைய வண்டிகள் சாலையில் ஓடும் வரை, கார்புரேட்டரைத் தூய்மை செய்யவும் கணினிக் குறியீட்டைப் படிக்கவும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.